ஆயிரம் விதைத்தால் லட்சம் முளைக்குமா?

கேள்வி: "ஆயிரம் ரூபாய் விதையுங்கள், கர்த்தர் நூறு மடங்காகத் தருவார்" என்று டிவியில் ஓர் ஊழியர் மாதாமாதம் கேட்கிறார். இயேசு சொன்ன விதைக்கிறவன் உவமைதான் ஆதாரமாம்: ஒருவன் விதைத்த விதை நாலு வகை நிலத்தில் விழுகிறது, நல்ல நிலத்தில் விழுந்தது மட்டும் முப்பது, அறுபது, நூறு மடங்கு பலன் தருகிறது. அம்மா பென்ஷனிலிருந்து அனுப்பிக்கொண்டிருக்கிறார். வேதத்தில் அப்படியா இருக்கிறது?

பதில்: இல்லை. அந்த உவமைக்குப் புதிதாக யாரும் அர்த்தம் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இயேசுவே சீஷர்களுக்கு விளக்கிவிட்டார். "விதை தேவனுடைய வசனம்" (லூக்கா 8:11). கேட்கிறவர்கள்தான் நிலம்: வழியோரம், கற்பாறை, முள், நல்ல நிலம். அதன்படி பார்த்தால் உங்கள் அம்மா விதைக்கிறவரே அல்ல, நிலம். முப்பதும் அறுபதும் நூறுமாகக் கிடைப்பது வசனத்தின் பலன். கோதுமை விதைத்த வயலில் ரூபாய் நோட்டு விளையாது.

பணம் அந்த உவமையில் வரவே இல்லையா? வருகிறது, முள்ளாக! "உலகக் கவலையும் ஐசுவரியத்தின் மயக்கமும் வசனத்தை நெருக்கிப்போடுகிறதினால்" அவன் பலனற்றுப்போகிறான் என்கிறது மத்தேயு 13:22. முள்ளையே விதை என்று சொல்லி விற்கத் தனித் திறமை வேண்டும்.

கொடுப்பதை விதைப்பு என்று சொன்னவர், கொரிந்து சபைக்குக் கடிதம் எழுதிய அப்போஸ்தலர் பவுல். "பெருக விதைக்கிறவன் பெருக அறுப்பான்" (2 கொரிந்தியர் 9:6) என்பதை ஊழியர் கட்டாயம் எடுத்துக் காட்டுவார். சரி, பவுல் யாருக்காகக் கேட்டார்? எருசலேமில் இருந்த ஏழை விசுவாசிகளுக்காக. பணத்தைக் கொண்டுபோகிற ஆட்களைக்கூடக் கொரிந்து சபையாரே தேர்ந்தெடுக்கட்டும் என்றார் (1 கொரிந்தியர் 16:3). "பெருக விதைக்கிறவன்" என்றதற்கு அடுத்த வசனத்திலேயே (2 கொரிந்தியர் 9:7) "கட்டாயமாயுமல்ல" என்றும் எழுதிவைத்தார். அறுப்பாக அவர் சொன்னது "நீதியின் விளைச்சல்". காணிக்கையை மடங்குக் கணக்கில் திரும்பி வரும் 'விதை' ஆக்கிப் பரப்பியதில் பெரும் பங்கு அமெரிக்கப் பிரசங்கியார் ஓரல் ராபர்ட்ஸுக்கு உண்டு. போன நூற்றாண்டுச் சரக்கு!

நூறு மடங்கு தருவதாக இயேசு வேறோர் இடத்தில் சொன்னது உண்மைதான் (மாற்கு 10:30). அது தமக்காக வீட்டையும் நிலத்தையும் விட்டு வந்தவர்களுக்குச் சொன்னது. அதிலும் "துன்பங்களோடேகூட" என்று ஒரு சொல் இருக்கிறது. டிவியில் வங்கிக் கணக்கு எண் ஓடுகிறதே, அதற்குப் பக்கத்தில் இதையும் ஓடவிடலாம்.

அம்மாவோடு சண்டை போடாதீர்கள். மத்தேயு 13-ஐ அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். எட்டாம் வசனத்தில் 'நூறாக' என்று வந்ததும் மூடிவிடாமல், 23 வரைக்கும்.