வாசகர் கேள்வி – பதில்: கல்யாணப் பதிவு 1916, மூத்த மகன் பிறந்தது 1904

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தாவின் தம்பி 1898-ல் கரும்புத் தோட்ட வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பல் ஏறியவர், திரும்பவே இல்லை. போன வருடம் அவருடைய பேரன் பேத்திகள் டர்பனிலிருந்து எங்களைத் தேடிப் பிடித்தார்கள். அவர்கள் அனுப்பிய கல்யாணப் பதிவின் நகலில் 1916 என்று இருக்கிறது. ஆனால் மூத்த மகன் பிறந்தது 1904. இதைப் பார்த்ததும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள், "முறையா தாலி கட்டாத குடும்பம், வம்ச மரத்தில் எழுத வேண்டாம்" என்கிறார்கள். அந்தப் பாட்டியின் ஊர் எது, பிறந்த வீடு எது என்று யாருக்கும் தெரியவில்லை. இதைக் கண்டுபிடிக்க வழி உண்டா? – வேலூர் வாசகி

பதில்: முதலில் பெரியவர்களிடம் சொல்லுங்கள், 1916 என்பது பெரும்பாலும் தாலி கட்டிய வருடம் இல்லை, கட்டிய தாலியைச் சர்க்கார் ஒப்புக்கொண்ட வருடம். உங்களுக்கு வந்திருப்பது சான்றிதழ் மட்டும் என்றால் பதிவேட்டுப் பக்கத்தின் முழு நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் பதிந்த தேதி ஒன்று, கல்யாணம் நடந்த தேதி வேறொன்று இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வி வேறு வேறு குடும்பங்களிலிருந்து எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, உரிய அதிகாரியிடம் பதியாத கல்யாணம் தென்னாப்பிரிக்கச் சட்டத்தின் முன் கல்யாணம் ஆகாது என்பது அதன் பொருள். பந்தக்கால் நட்டு ஊர் கூடித் தாலி கட்டியவர்கள், நிக்காஹ் செய்துகொண்டவர்கள், எல்லோருடைய மனைவியும் ஒரே நாளில் சட்டத்துக்கு மனைவி இல்லை என்றாகிவிட்டது. அந்த அவமானம்தான் பெண்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. கஸ்தூர்பா சிறை போனார். டிரான்ஸ்வாலிலிருந்து கைக்குழந்தைகளோடு தமிழ்ப் பெண்கள் நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்களிடம் போய் வேலைநிறுத்தம் செய்யச் சொன்னார்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறையில் காய்ச்சல் வந்து, வெளியே வந்த சில நாட்களிலேயே 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தபோது வயது 16. அந்தப் போராட்டத்தின் பலன்தான் 1914-ல் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம். ஏற்கெனவே தங்கள் மத வழக்கப்படி கல்யாணமாகி வாழ்கிற தம்பதி, இருவருக்கும் வேறு துணை இல்லை என்றால், கல்யாண அதிகாரி முன்னால் சேர்ந்து போய்ப் பதியலாம். பதிந்ததும் அந்தக் கல்யாணம் முதலில் நடந்த நாளிலிருந்தே செல்லும், அந்த நாளைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்றே சட்டம் சொன்னது. ஆகவே பன்னிரண்டு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு தம்பதி 1916-ல் அங்கே போய் நின்றதில் எந்தக் குறையும் இல்லை.

முன்பே பதிந்திருக்கலாமே என்று கேட்பார்கள். 1891-லேயே நேட்டாலில் ஒப்பந்தக் கூலிகளின் கல்யாணத்தைக் குடியேறிகள் காப்பாளர் அலுவலகத்தில் பதியச் சட்டம் இருந்தது, உண்மைதான். ஆனால் அவர் வாழ்க்கையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒப்பந்தம் ஐந்து வருடம். சம்பளம் முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங், பிறகு வருடத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். 1898-ல் போனவர் ஒப்பந்தம் முடித்து அங்கேயே தங்கினால் வருடத்துக்கு 3 பவுண்டு தலைவரி, அதாவது 60 ஷில்லிங், முதல் வருடச் சம்பளத்தில் ஆறு மாதக் காசு. பெண்ணும் ஒப்பந்தத்தில் வந்தவள் என்றால் அவளுக்கும் தனியாக வரி. தாலி ஏறிய கழுத்தைப் பார்த்து ஊரே ஒப்புக்கொண்ட கல்யாணத்துக்குக் காகிதம் எதற்கு என்றுதான் அப்போது நினைத்திருப்பார்கள். அன்றைக்கு நம் ஊரில் மட்டும் யார் பதிந்தார்கள்? தமிழ்நாட்டில் எல்லாக் கல்யாணத்தையும் கட்டாயம் பதிய வேண்டும் என்ற சட்டமே 2009-ல்தான் வந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்களின் அப்பா அம்மா கல்யாணத்துக்குப் பதிவு இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

சரி, பாட்டி விஷயம். இதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். நம் குடும்பங்களில் இன்னாருடைய சம்சாரம் என்றே பெண்ணை நினைவு வைத்துக்கொள்கிறோம், இரண்டு தலைமுறையில் பெயரே போய்விடுகிறது. கப்பல் பதிவேட்டில் அப்படி இல்லை. 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்துக்குச் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் வந்து சேர்ந்ததில் தொடங்கி 1911 வரை போன ஒரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம் பேருக்கும், பெண்களும் குழந்தைகளும் உட்பட, ஆளுக்கு ஒரு எண் கொடுத்து ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பிலுள்ள அடையாளம். அவள் கப்பலில் வந்தவள் என்றால் அவளுக்கென்று ஒரு வரி நிச்சயம் உண்டு, அதில் அவளுடைய அப்பா பெயரும் பிறந்த கிராமமும் இருக்கும். டர்பன் உறவினர்களிடம் பழைய காகிதங்களில் எங்காவது 'இந்தியர் எண்' என்கிற இந்தப் பதிவேட்டு எண் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், அந்த எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. மூலப் பதிவேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் அவற்றைத் தேடும் வசதியோடு கணினியில் ஏற்றியிருக்கிறது. கணவன் மனைவியாகக் கப்பலேறியவர்கள் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்களில் இருப்பார்கள். அவள் எண் அவர் எண்ணிலிருந்து வெகுதூரம் தள்ளி, வேறு கப்பலில் இருந்தால், நேட்டாலுக்கு வந்த பிறகுதான் சந்தித்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அவள் நேட்டாலிலேயே பிறந்தவள் என்றால் அவளுடைய அப்பா அம்மாவின் எண்களைத் தேட வேண்டியிருக்கும்.

இன்னொரு காகிதம், நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்வது: தென்னாப்பிரிக்காவில் ஒருவர் இறந்து சொத்துக் கணக்கு முடிக்கும்போது நிரப்பும் மரண அறிவிப்புப் படிவம். அதில் இறந்தவரின் பெற்றோர் பெயர், பிறந்த இடம், துணையின் பெயர், கல்யாணம் நடந்த இடம், பிள்ளைகள் பெயர் என்று ஒரு குடும்பமே அடங்கியிருக்கும். நேட்டால் சொத்துக் கோப்புகளில் பலவற்றை ஃபேமிலிசெர்ச் தளத்தில் இலவசமாகப் படமாகவே பார்க்கலாம். நிரப்பியவர் மகனோ மருமகனோ, அதனால் வயதை நம்பாதீர்கள், பிள்ளைகள் பட்டியலை நம்பலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் கப்பல் ஏறும் முன் இங்கே ஒரு கல்யாணம் நடந்திருக்கவும் கூடும். வேறு துணை இல்லை என்று அவர்கள் அதிகாரியிடம் சொன்னதை வைத்து மட்டும் இங்கே யாரும் காத்திருக்கவில்லை என்று முடிவு செய்ய முடியாது. உங்கள் வீட்டுப் பழைய பத்திரங்களில் அப்படி ஒரு பெண்ணின் பெயர் தட்டுப்பட்டால், அவளையும் மரத்தில் எழுதுங்கள். டர்பன் பாட்டியை எடுத்துவிட அதை ஒரு காரணமாக்க வேண்டாம்.

கேள்வி: நேட்டால் கப்பல் பதிவேட்டில் எங்கள் பூட்டனார் பெயரைத் தேடினால் ஒன்றுமே வரவில்லை. – ஆரணி வாசகர்

பதில்: நம் எழுத்தில் தேடாதீர்கள், எழுதிய குமாஸ்தாவின் காதால் தேடுங்கள். முனுசாமி 'மூன்சாமி' ஆகியிருப்பார், கவுண்டர் 'கோவெண்டர்', முதலியார் 'மூட்லி'. பெயரின் முதல் மூன்று எழுத்தையும் ஜில்லாவையும் மட்டும் கொடுத்துப் பாருங்கள். அப்புறம், ஆரணி அன்று வட ஆற்காடு ஜில்லா. 1911 வரை சித்தூரும் அதிலேயே இருந்தது, அதனால் வட ஆற்காடு என்று இருப்பதாலேயே அது உங்கள் ஆள் ஆகிவிடாது. நானே ஒருமுறை பெயரும் வயதும் பொருந்திய ஒருவரைப் பல மாதம் தொடர்ந்து போய், கடைசியில் தகப்பன் பெயர் வேறு என்று தெரிந்ததும் கைவிட்டேன். தகப்பன் பெயர், கிராமம் இரண்டும் சேராமல் யாரையும் உறவு என்று எழுதாதீர்கள்.

கேள்வி: எங்கள் முன்னோர் யாரும் கடல் தாண்டவில்லை. அவர்கள் கல்யாணத்துக்கு என்ன ஆதாரம் கிடைக்கும்? – கும்பகோணம் வாசகி

பதில்: கல்யாணப் பதிவைத் தேட வேண்டாம், பாகப்பிரிவினைப் பத்திரத்தைத் தேடுங்கள். துண்டு நிலம் இருந்த குடும்பம் என்றாலும் எப்போதாவது சார்பதிவாளர் அலுவலகம் போயிருக்கும். அந்தப் பத்திரங்களில் இன்னார் மனைவி இன்னார், மூத்த தாரத்து மகன், இளைய தாரத்து மகன் என்று உறவெல்லாம் விவரமாக எழுதியிருப்பார்கள், கையெழுத்துப் போட்ட சாட்சிகளில் பெண் வீட்டு மாமனோ மைத்துனனோ இருப்பதும் உண்டு. பழைய வருடங்களுக்கு வில்லங்கச் சான்று கேட்டு நேரில் மனு கொடுங்கள். சர்வே எண்ணும் கிராமத்தின் பழைய பெயரும் கையில் இல்லாமல் போனால் அலைச்சல்தான், முதலில் வீட்டுப் பரணில் உள்ள பட்டாவையும் வரி ரசீதுகளையும் இறக்கிப் பாருங்கள்.