குன்னூர் பக்கம் முதியோர் இல்லம்: சேர்க்கும் முன் எதைப் பார்ப்பது?

கோவையில் இருக்கும் அம்மாவைக் குன்னூர் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்க நினைக்கிறீர்கள். அது பாதுகாப்பானதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது எனக் கேட்டிருக்கிறீர்கள்.

பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். ஊட்டியில் மாவட்ட சமூக நல அலுவலகத்திலும் ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள்.

மலையில் குளிர்தான் பெரிய விஷயம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். ஜனவரி ராத்திரியில் அறையை எப்படிச் சூடாக்குகிறீர்கள் என்று கேளுங்கள். மூடிய அறையில் கரி அடுப்பு என்றால் அந்த இடமே வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தாலும் இதே ஆபத்துதான். அம்மாவுக்கு நுரையீரல் தொந்தரவு இருந்தால், இந்த உயரம் ஒத்துக்கொள்ளுமா என்று அவருடைய டாக்டரிடம் முதலில் கேளுங்கள்.

சரிவில் கட்டிய வீடுகளில் படிக்கட்டு அதிகம். கைப்பிடி, வழுக்காத தரை, ராத்திரி விளக்கு மூன்றையும் நீங்களே நடந்து பாருங்கள்.

பகலில் எல்லா இல்லமும் நன்றாகத்தான் இருக்கும் (தேயிலைத் தோட்டத்தைக் காட்டியே பாதிப் பேரை மயக்கிவிடுவார்கள்). சொல்லாமல் மாலை ஏழு மணிக்குப் போங்கள். இரவில் விழித்திருப்பது யார், மாத்திரை கொடுத்ததை எழுதி வைக்கிறார்களா, படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் படுக்கைப்புண் உண்டா என்று பாருங்கள்.

வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை அடைபடுவதுண்டு. அன்றைக்கு நெஞ்சுவலி வந்தால் என்ன ஏற்பாடு? இதற்குத் திணறாமல் பதில் வர வேண்டும்.

முன்பணம் திரும்பக் கிடைக்கும் விதிகளை எழுத்தில் வாங்குங்கள். பிற்பாடு புகார் என்றால் 14567, முதியோர் உதவி எண்.