எல்லா வகையிலும் பாடுபவர் எதிலும் ஆழம் தொடமாட்டாரா? யாத்ரங்கா ஸ்டோயாகோவிச்சை வைத்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: "நாட்டுப்பாடல், பாப், ஜாஸ் என்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கும் பாடகர்கள் கடைசியில் எதிலும் முழுசாக நிலைக்காமல் போய்விடுகிறார்களா? உங்களுக்குத் தெரிந்த உதாரணத்தோடு சொல்லுங்கள்."

அப்படிப் போய்விடுவதில்லை என்பதுதான் என் பதில். ஒருவர் எத்தனை வகை பாடுகிறார் என்று எண்ணிப் பார்த்து ஆழத்தைக் கண்டுபிடிக்க முடியாது. எதைப் பாடினாலும் அவர் குரலில் மாறாமல் நிற்பது என்ன என்று கேட்க வேண்டும். போஸ்னியப் பாடகி யாத்ரங்கா ஸ்டோயாகோவிச்சைக் கேட்டுத்தான் எனக்கு இது பிடிபட்டது.

யாத்ரங்கா 1950 ஜூலை 24 அன்று போஸ்னியாவின் தலைநகர் சாராயேவோவில் பிறந்தவர். தானே மெட்டமைத்து, கிதாரை மடியில் வைத்துக்கொண்டு பாடுபவர். பழைய யூகோஸ்லாவியா முழுக்க அவர் பாட்டுகள் தெரியும். நம் பக்கம் பெயரைக் கேள்விப்பட்டவர்களே குறைவு. நான் ஜெர்மனியில் வேலை பார்த்தபோது, பக்கத்து மேசையில் இருந்த போஸ்னியப் பெண்மணி மதிய இடைவேளையில் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். யார் பாட்டு என்று கேட்டேன். அன்று மாலையே பட்டியல் ஒன்றை அனுப்பிவிட்டார். அதில் ஒரு பாட்டு பழைய நாட்டுப்பாடல் மாதிரி இருந்தது. அடுத்தது வானொலியில் வரும் பாப். இன்னொன்று இரவுக் கிளப்பில் எதிரே இருக்கும் நாலு பேருக்காகப் பாடியது போல இருந்தது. எல்லாவற்றையும் பாடியவர் ஒரே ஆள் என்பது மட்டும் முதல் வரியிலேயே தெரிந்தது. தாழ்ந்த, கொஞ்சம் கரகரப்பான, அவசரமே இல்லாத குரல்.

அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று புரிய, செவ்தாலிங்காவைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். போஸ்னியாவின் காதல், ஏக்கப் பாட்டுகள் இவை. ஒட்டோமான் ஆட்சிக் காலத்தில் நகரங்களில் உருவானவை. நாட்டுப்பாடல் என்றதும் நமக்கு வயலும் வரப்பும் கண்முன் வரும். இவற்றில் வருவது தெரு, மதில், ஜன்னல், தோட்டம், ஜன்னலுக்குப் பின்னால் நிற்கும் பெண். வீட்டுக்குள் பெண்கள் துணைக்கருவி எதுவும் இல்லாமல் பாடினார்கள். ஆண்கள் சாஸ் என்ற நீண்ட கழுத்துள்ள தந்திக் கருவியை மீட்டிக்கொண்டு பாடினார்கள். பழைய செவ்தாலிங்காக்கள் பல தாளக்கட்டு இல்லாதவை. மூச்சு எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு தூரம் அடி நீளும். விருத்தம் கேட்டுப் பழகிய காதுக்கு இந்தச் சுதந்திரம் உடனே பிடித்துப்போகும்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். "ஜாஸ் கலந்து நாட்டுப்பாடலைக் கெடுத்துவிட்டார்கள்" என்று அங்கேயும் சொல்வார்கள். ஆனால் செவ்தாலிங்கா எந்தக் காலத்திலும் கலக்காமல் இருந்ததில்லை. இன்று அதற்கே உரிய கருவி என்று எல்லோரும் நினைக்கும் அக்கார்டியன், 1878இல் ஆஸ்திரிய-ஹங்கேரி போஸ்னியாவைப் பிடித்த பிறகு பரவியது. இரண்டாம் உலகப் போர் முடிந்து சாராயேவோ வானொலி தொடங்கியதும் அக்கார்டியன் குழுக்களும் வாத்தியக் குழுக்களும் வந்தன. ஸைம் இமாமோவிச், ஹிம்சோ பொலோவினா போன்ற பாடகர்களை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த வானொலிதான். பொலோவினா தொழில்முறையில் நரம்பியல்-மனநல மருத்துவர். மோஸ்தர் நகரத்துக் கவிஞர் அலெக்ஸா ஷாந்திச் 1902இல் வெளியிட்ட 'எமினா' என்ற கவிதையைப் பாடியபோது, கவிஞர் எழுதாத, எமினா இறந்துபோனதைச் சொல்லும் ஒரு பகுதியையும் சேர்த்துப் பாடினார். இன்று மக்கள் அதையும் பாட்டின் பகுதியாகவே பாடுகிறார்கள். மரபு என்று நாம் சொல்வது அங்கே இப்படித்தான் வளர்ந்திருக்கிறது. யாரோ ஒருவர் துணிந்து ஒன்றைச் சேர்க்கிறார், பாட்டு அதைத் தாங்கினால் அது நிற்கிறது.

யாத்ரங்காவின் பாதை ஜாஸிலிருந்தே தொடங்கியது. பதின்ம வயதில், ஜாஸ் கலைஞரான தன் மாமாவின் குழுவோடு ஜெர்மனிக்குப் போய்க் கிளப்களில் வாசித்தவர். பிறகு சாராயேவோ. அறுபதுகளின் இறுதியிலும் எழுபதுகளிலும் அந்த ஊர் யூகோஸ்லாவியப் பாப் இசையின் பெரிய பட்டறைகளில் ஒன்றாக இருந்தது. இந்தெக்ஸி இசைக்குழு, பாடகர் கெமால் மோந்தேனோ, அந்தப் பருவத்தின் சிறந்த பாடலைத் தேர்ந்தெடுக்க ஆண்டுதோறும் நடந்த பாட்டு விழா என்று ஊரே பாட்டில் கிடந்தது. அந்தக் காலத்துச் சாராயேவோப் பாப்பைக் கேட்டால் மெட்டுக்குள் எங்கேயோ செவ்தாலிங்காவின் இழுப்பு ஒளிந்திருக்கும். யாத்ரங்கா அதை ஒளித்து வைக்கவில்லை, முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

அதற்கு நல்ல சாட்சி 'ஷ்டோ தே நேமா'. இதன் வரிகளும் அதே ஷாந்திச்சுடைய கவிதைதான், மெட்டு யாத்ரங்காவுடையது. நான்கு பத்திகள். முதல் பத்தியில், பேச்சற்ற நள்ளிரவு இளம் வயல்பூக்களின் மேல் முத்துகளைக் கோக்கிறது. அடுத்ததில் தூக்கம் அமைதி தருகிறது, மனம் அடங்கப் போகிறது. மூன்றாவதில் கிழக்கு சிவக்கிறது. நான்காவதில், சந்தோஷம் பொங்கும் நேரமும் துக்கம் பெருமூச்சு விடும் நேரமும் சேர்ந்து வருகின்றன. ஒவ்வொரு பத்தியும் ஒரே கேள்வியில் போய் முடிகிறது: நீ ஏன் இங்கே இல்லை?

கவிதையாகப் படித்தால் இது எளிமையான, கட்டுக்கோப்பான ஒன்று. பாடும்போதுதான் சிக்கல். ஒரே கேள்வியை இத்தனை முறை கேட்க வேண்டும். ஒவ்வொரு முறையும் குரலை உயர்த்திக்கொண்டே போனால் நான்காவது பத்திக்குள் நாடகம் ஆகிவிடும். யாத்ரங்கா அந்த வழியில் போவதில்லை. கேள்வி வரும் இடத்தில் குரலைத் தள்ளாமல் உள்ளே இழுத்துக்கொள்கிறார். அடியின் கடைசி உயிரெழுத்தை நீட்டி, அழுகைக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்திவிடுகிறார். இந்த அடக்கம் செவ்தாலிங்காவின் பாடம். தாளத்துக்குக் கொஞ்சம் பின்தங்கி வந்து வரியை வைக்கும் நிதானம், ஜாஸ் கிளப்பில் வாசித்தவருக்கு வரக்கூடியது. ஒரு முறை கேட்டதும் யாரும் முணுமுணுக்கும்படி மெட்டு அமைந்திருப்பது பாப்பின் பலம். ஒரே பாட்டில் மூன்றும் இருக்கின்றன, எது எங்கே முடிகிறது என்று என்னால் கோடு போட்டுக் காட்ட முடியாது. புதிதாக மெட்டமைத்த இந்தப் பாட்டைப் பழைய செவ்தாலிங்கா என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால், இதைவிடப் பெரிய பாராட்டு ஒரு இசையமைப்பாளருக்கு இருக்க முடியாது.

'ஸ்வே ஸ்மோ மோக்லி மி' அவருடைய மிகப் பிரபலமான பாப் பாட்டு. நாம் எல்லாவற்றையும் செய்திருக்கலாம், செய்யாமல் விட்டோம் என்கிற, பிரிந்த காதலர்களின் வருத்தம். நாடு உடைந்த பிறகு பலர் இதை யூகோஸ்லாவியாவுக்கான பாட்டாகவும் கேட்டார்கள்.

1984 பிப்ரவரியில் சாராயேவோவில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது யாத்ரங்கா புகழின் உச்சியில் இருந்தார். அந்தப் போட்டிகளின் பாட்டோடும் அவர் பெயர் சேர்ந்திருக்கிறது. நாலு வருஷம் கழித்து, 1988இல், ஜப்பானுக்குப் போனார். 1992 ஏப்ரலில், போஸ்னியப் போரில், சாராயேவோ முற்றுகை தொடங்கியது. 1996 பிப்ரவரி வரை நீடித்த முற்றுகை அது. அவர் ஜப்பானிலேயே தங்கிவிட்டார், இருபது வருஷங்களுக்கும் மேல். அங்கே ஆல்பங்கள் வெளியிட்டார், ஜப்பானியக் கலைஞர்களோடு வாசித்தார், ஓவியமும் வரைந்தார். 1996இல் வந்த 'பேபி யுனிவர்ஸ்' அந்தக் காலத்து ஆல்பம்.

அவருடைய வாழ்க்கையைப் பற்றி எழுதுபவர்கள் இந்த ஜப்பான் காலத்தை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம். ஒரு வார்த்தையும் புரியாத கூட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்து போஸ்னியப் பாட்டைப் பாடுவது சாதாரண காரியம் இல்லை. பிரபலமான பாட்டு என்ற தயவு கிடையாது, சேர்ந்து பாட யாரும் கிடையாது. குரலும் மெட்டும்தான் மிச்சம். அதை வைத்துக்கொண்டு ஒருவர் இத்தனை வருஷம் மேடையில் நிற்க முடிந்திருக்கிறது. எதிலும் ஆழம் தொடாதவருக்கு இது நடக்குமா?

பிறகு நோய் வந்தது. தசைகளைப் படிப்படியாகச் செயலிழக்க வைக்கும் ஏ.எல்.எஸ். கிதார் கலைஞரின் கைகளுக்கு வரக்கூடாத நோய். 2011இல் போஸ்னியாவுக்குத் திரும்பி பான்யா லூகாவில் இருந்தார். 2016 மே 3 அன்று அங்கேயே காலமானார், 65 வயதில்.

'ஷ்டோ தே நேமா' அவரோடு நின்றுவிடவில்லை. ஐடா ஷெஹோவிச் என்ற போஸ்னியக் கலைஞர், 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சா என்ற போஸ்னிய ஊரில் நடந்த இனப்படுகொலையில் கொல்லப்பட்டவர்களுக்காக ஊர் ஊராகப் போகும் ஒரு நினைவுச்சின்னத்தை 2006இல் தொடங்கினார். அதற்கு இதே பெயரைத்தான் வைத்தார். கணவரை இழந்த பெண்களுக்கு எது இல்லாதது அதிகமாக வலிக்கிறது என்று பார்த்தால், உடன் உட்கார்ந்து காபி குடிக்க ஆள் இல்லாதது. அதனால் ஃபில்ஜான் எனப்படும் கைப்பிடி இல்லாத சின்னக் காபிக் கிண்ணங்களைக் குடும்பங்களிடமிருந்து சேகரித்தார்கள். ஒவ்வொரு வருஷமும் ஜூலை 11 அன்று ஒரு நகரத்துச் சதுக்கத்தில் அவற்றைத் தரையில் பரப்பி, அங்கேயே காபி போட்டு, வழிப்போக்கர்களும் சேர்ந்து ஊற்றி, குடிக்காமல் விட்டுவிடுவார்கள். நியூயார்க், இஸ்தான்புல், ஜெனீவா, வெனிஸ் என்று போய், 2020இல் ஸ்ரெப்ரெனிட்சா அருகே பொதோச்சாரி கல்லறைத் தோட்டத்தில், கொல்லப்பட்டவர் ஒவ்வொருவருக்கும் ஒன்றாக, 8,372 கிண்ணங்களோடு அந்தப் பயணம் முடிந்தது. ஒரு காதல் கவிதையின் கேள்வி இத்தனை பேருக்காகக் கேட்கும் கேள்வியாக மாறியதில் யாத்ரங்காவின் மெட்டுக்கும் பங்கு இருக்கிறது.

ஜாஸ் பக்கத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். பியானோவோடு செவ்தாலிங்கா எப்படிச் சேரும் என்று அறிய, அமிரா மெதுன்யானின் பாடி, போயன் ஸுல்ஃபிகார்பாஷிச் பியானோ வாசித்த 'அமுலெட்' ஆல்பத்தைக் கேளுங்கள். 2011இல் வந்தது. அமிரா சாராயேவோக்காரர். போயன் பெல்கிரேடில் பிறந்த, போஸ்னிய வேர்கள் கொண்ட ஜாஸ் கலைஞர். யாத்ரங்கா கிழக்கே போன அதே 1988இல் இவர் பாரிசுக்குப் போய்விட்டார்.

பியானோவுக்கு ஒரு குறை உண்டு. கட்டையை அழுத்திய கணத்திலிருந்து ஒலி தேய ஆரம்பித்துவிடும். அக்கார்டியன் மாதிரி சுருதியைப் பிடித்து வைத்திருக்காது, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கவும் முடியாது. நீளும் அடிகளையே நம்பியிருக்கும் பாட்டுக்கு இது பெரிய இடைஞ்சல்தானே? போயன் அந்தக் குறையை மூட முயற்சி செய்வதில்லை. கொஞ்சமாக வாசிக்கிறார், ஒலி தேய விடுகிறார். அந்த இடத்தில் அமிராவின் குரல் தனியாக நிற்கிறது, சாஸும் இல்லாமல் வீட்டுக்குள் பெண்கள் பாடியது போல. புதுக் கருவியைக் கொண்டுவந்ததில் பாட்டு இன்னும் பழையதாகிவிட்டது. தூய்மை பேசுபவர்களுக்கு நான் போட்டுக் காட்டுவது இந்த ஆல்பம்தான்.

2024 டிசம்பரில் யுனெஸ்கோ செவ்தாலிங்காவை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நல்ல விஷயம். ஆனால் பட்டியலில் ஏறிய மரபை அப்படியே உறைய வைத்துவிடுவார்களோ என்ற பயமும் எனக்கு உண்டு. ஸைம் இமாமோவிச்சின் பேரன் தாமிர் இமாமோவிச் போன்றவர்கள் தொடர்ந்து புதுப் பாட்டு எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் அந்தப் பயம் கொஞ்சம் குறைகிறது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? முதலில் 'ஷ்டோ தே நேமா', யாத்ரங்கா குரலில் மட்டும். வேறு பலரும் பாடியிருக்கிறார்கள், அவற்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அடுத்து 'பிஸ்த்ரே வோதே போஸ்னோம் தேகு', நாட்டுப்பாடலுக்கு அவர் எவ்வளவு நெருக்கம் என்று தெரியும். அதன் பிறகு 'ஸ்வே ஸ்மோ மோக்லி மி'. அந்த மூன்றும் பிடித்திருந்தால் ஹிம்சோ பொலோவினாவின் 'எமினா'வுக்குப் போங்கள், அங்கிருந்து 'அமுலெட்'. இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். பியானோவில் தொடங்கினால் அது எதை விட்டுக்கொடுத்து வாசிக்கிறது என்பது காதில் விழாது.