ஊட்டிக்கு குடும்பத்தோட போறீங்களா? பேக்கேஜ், மலை ரயில், காட்டேஜ், சாக்லேட் எல்லாத்துக்கும் கேள்வி-பதில்

லீவு நெருங்குதுங்க, வந்த கேள்வில பாதிக்கு மேல ஊட்டி பத்திதான். நான் குன்னூர்ல வளர்ந்தவ, அதனால இந்த தடவை பூரா ஊட்டிக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: அக்கா, நாங்க ஈரோடு. 7 வயசுல ஒண்ணு, 3 வயசுல ஒண்ணு, கூட மாமியாரும் வர்றாங்க, அவங்களுக்கு முட்டி வலி. மே மாசம் மூணு நாள். ஒரு வேன்காரர் ஒரே நாள்ல 12 பாயிண்ட் காட்டுறேன்னு பேக்கேஜ் சொல்லி அட்வான்ஸ் கேக்குறாரு, குடுத்துடலாமா?

பதில்: இப்ப குடுக்காதீங்கம்மா. மொதல்ல அந்த 12 என்னென்னன்னு எழுதி அனுப்பச் சொல்லுங்க. வந்ததும் பாருங்க, டீ ஃபேக்டரி, சாக்லேட் ஃபேக்டரி, யூகலிப்டஸ் தைலக் கடைன்னு மூணு நாலு இருக்கும், அதெல்லாம் கடைங்க, சுத்திப் பாக்குற எடம்னு கணக்குல சேத்துருப்பாங்க. ஆறாவது மைல், ஒம்பதாவது மைல், பைன் ஃபாரஸ்ட்டுன்னு சொல்றதெல்லாம் பைக்காரா போற ரோட்டுலயே வரிசையா வர்றது, வண்டி ஓரமா நிக்கும், போட்டோ எடுப்பீங்க, ஹாரன் அடிச்சு கூப்ட்ருவாங்க. மே மாசத்து ட்ராஃபிக்ல 12 எடம்னா பசங்களும் அம்மாவும் பூரா நாளும் வண்டிக்குள்ளதான் இருப்பாங்க, சின்னது வளைவுல வாந்தி எடுக்கும், அதுக்கா இவ்ளோ செலவு பண்ணி போறீங்க.

நானா இருந்தா முதல் நாள் பொட்டானிக்கல் கார்டன் மட்டும் வெச்சுக்குவேன். 1848ல ஆரம்பிச்சது, 22 ஹெக்டேர், மலைச் சரிவுல மேல மேல ஏறிப் போகும், ஆனா மாமியார் ஏற வேண்டாம், நுழைஞ்ச உடனே வர்ற கீழ் புல்வெளியே பெருசு, பெஞ்ச் இருக்கு, உக்காந்து பசங்க ஓடுறத பாத்துட்டிருக்கலாம். பெரியவனை நீங்க கூட்டிட்டுப் போயி கல்லாப் போன மரம் காட்டுங்க, 2 கோடி வருஷத்துக்கு முந்தின மரம்னு சொல்றாங்க, தொட்டா மரம் மாதிரி இருக்காது, ஜில்லுன்னு பாறை, என் அக்கா பையன் அதுல கைய வெச்சுட்டு எடுக்கவே இல்ல. சாயங்காலம் தெம்பு இருந்தா ஏரி, இல்லன்னா ரூம். ரெண்டாவது நாள் ரயில், குன்னூர், சிம்ஸ் பார்க். இந்த பார்க் பள்ளத்துக்குள்ள படிப்படியா எறங்குற மாதிரி இருக்கும், முட்டி வலிக்காரங்க மேல்பக்கத்தோட நின்னுக்கறது நல்லது. மூணாவது நாள் பைக்காரா. தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர் உயரம், போகணும்னா காலைல திறந்த உடனே போயிடுங்க, நேரம் ஆக ஆக மூடுபனியும் வண்டி வரிசையும் சேந்து வந்துடும், மேல போயும் ஒண்ணும் தெரியாது.

வண்டி பேசும்போது எடத்தோட எண்ணிக்கைய பேசாதீங்க, நாளுக்கு வாடகை எவ்ளோ, எத்தன மணி நேரம், எத்தன கிலோமீட்டர், அதுக்கு மேல போனா என்ன ரேட்டு, டிரைவர் பேட்டா, பார்க்கிங், நுழைவுக் கட்டணம் யாரு குடுக்கறது, இத்தனையும் வாட்ஸ்அப்ல எழுத்துல வாங்கிட்டு அப்புறம் அட்வான்ஸ் போடுங்க. எழுதித் தர மாட்டேன்னா வேற வண்டி பாத்துக்கலாம். சீசன்ல அரசு பஸ்ஸுலயே முக்கியமான எடங்கள சுத்துற சுற்றுப் பேருந்தும் விடுவாங்க, பஸ் ஸ்டாண்டுல விசாரிங்க.

கேள்வி: சொந்த கார்ல போறோம். வண்டி ஊட்டிக்குள்ள போறதுக்கான இ-பாஸ் எடுத்துத் தர்றேன்னு ஒருத்தர் பணம் கேக்குறாரு, குடுக்கணுமா?

பதில்: வேண்டாம் தம்பி, அது இலவசம். ஹைகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7லேர்ந்து நடைமுறைக்கு வந்தது, அரசோட இ-பாஸ் இணையதளத்துல வண்டி நம்பர், எத்தன பேரு, எங்க தங்குறீங்கன்னு போட்டா நீங்களே எடுத்துடலாம். 2025 ஏப்ரல்ல வார நாளுக்கு 6,000 வண்டி, வார கடைசிக்கு 8,000 வண்டின்னு அளவும் வெச்சாங்க, அதனால ரூமுக்கு பணம் கட்டறதுக்கு முன்னாடி பாஸ் கெடைக்குதான்னு பாருங்க, நெறைய பேரு இத திருப்பிப் போட்டு செஞ்சு மாட்டிக்கறாங்க. அரசு பஸ்ஸுல போனா பாஸ் தேவையில்ல. தண்ணி பாட்டில் பிளாஸ்டிக்ல கொண்டு போகாதீங்க, செக்போஸ்ட்டுல வாங்கி வெச்சுக்குவாங்க, ஸ்டீல் பாட்டில் எடுத்துட்டுப் போனா மேல வாட்டர் ஏடிஎம்ல நெரப்பிக்கலாம்.

கேள்வி: டாய் ட்ரெயின் டிக்கெட்டே கெடைக்க மாட்டேங்குது அக்கா. ஏஜெண்ட் கிட்ட கூட காசு குடுத்து வாங்கலாமா? ஐஆர்சிடிசில ஊட்டின்னு போட்டா ஸ்டேஷனே வரல.

பதில்: உதகமண்டலம்னு தேடுங்க, கோடு யூஏஎம். மேட்டுப்பாளையத்துலேர்ந்து காலைல கெளம்புற ரயிலு புக்கிங் திறக்குற அன்னைக்கே தீந்துடும், காலண்டர்ல குறிச்சு வெச்சுட்டு உக்காந்தாத்தான் உண்டு. ஆனா ஏஜெண்டுக்கு கூட காசு வேண்டாம், வேற பேரு வயசுல எடுத்த டிக்கெட்ட தலைல கட்டுனா ரயில்ல மாட்டறது நீங்கதான்.

இன்னொன்னு சொல்றேன், இத யோசிங்க. மேட்டுப்பாளையம் டு ஊட்டி 46 கிலோமீட்டருக்கு கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம் ஆகுது. எனக்கு அது உசுரு, கல்லார்லேர்ந்து குன்னூர் வரைக்கும் நடுவுல பல்லு வெச்ச தண்டவாளம், நீராவி எஞ்சின் பின்னாடி நின்னு தள்ளிட்டுப் போகும், ஒவ்வொரு பெட்டி முன்னாடியும் பிரேக் பிடிக்கறவரு கொடியோட நிப்பாரு, ஹில்குரோவ்ல தண்ணி பிடிக்க நிக்கும்போது எறங்குனா எஞ்சின் மூச்சு விடற சத்தமும் ஈர மண்ணு வாசமும் ஒண்ணா வரும். 16 குகை, 250 பாலம். 7 வயசுப் பையன் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டான். ஆனா 3 வயசுக் குழந்தைக்கு அவ்ளோ நேரம் ஒரே சீட்டுல சின்னப் பெட்டிக்குள்ள கஷ்டம், பெட்டிக்குப் பெட்டி நடந்தும் போக முடியாது. அந்த மாதிரி குடும்பத்துக்கு குன்னூர் டு ஊட்டி மட்டும் போதும், ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல, ஒரு நாளைக்கு சில ரயில் இருக்கு, டிக்கெட்டும் இவ்ளோ கஷ்டமில்ல, வெல்லிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல்னு வழியெல்லாம் அழகு. இந்தப் பக்கம் பெரும்பாலும் டீசல் எஞ்சின்தான், நீராவி எஞ்சின் பாக்கலாம்னு பசங்ககிட்ட சொல்லி வெச்சுடாதீங்க.

மழைக் காலத்துல கல்லார் குன்னூர் நடுவுல மண்ணு சரிஞ்சா ரயில ரத்து பண்ணிடுவாங்க, ரயில்வேயே ரத்து பண்ணா முழுப் பணமும் திரும்ப வரும், அதையும் ஏஜெண்ட் மூலமா எடுத்திருந்தா அவர் கைக்குத்தான் போகும்.

கேள்வி: ஆன்லைன்ல பாத்து காட்டேஜ் புக் பண்ணேன், லேக் வியூன்னு போட்டிருந்தான், போய்ப் பாத்தா ஏரியே தெரியல, பணமும் திருப்பித் தரல. என்ன பண்றது?

பதில்: எனக்கும் இது நடந்ததுங்க. ஏரிக்குப் பக்கம்னு போட்ட ஒரு காட்டேஜுக்கு எங்க அப்பாம்மாவுக்காக பணம் கட்டுனேன், போய்ச் சேந்தா ஏரிலேர்ந்து ரொம்ப தூரம், ராத்திரி எட்டு மணிக்கு சுடுதண்ணி காலைல மட்டும்தான்னு சொல்லிட்டாங்க, ஹீட்டருக்கு தனி காசு. குளிர்ல அப்பா அன்னைக்கு ராத்திரி பூரா உக்காந்தே இருந்தாரு. அப்போ நான் செய்யாம விட்டது ஒண்ணுதான், அந்த விளம்பரத்த ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைக்கல, மறுநாள் பாத்தா அந்த வரியையே மாத்திட்டாங்க.

நீங்க விளம்பரம், பணம் போன ரசீது, பேசுன மெசேஜ், ரூம் ஜன்னல்லேர்ந்து எடுத்த போட்டோ எல்லாத்தையும் சேத்து வெச்சு மொதல்ல 1915க்கு கூப்டுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண், நெறைய விஷயம் அதுலயே முடிஞ்சுடும். முடியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீலகிரிக்குப் போக வேண்டியதில்ல, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க இருக்கற ஊர்லயே புகார் போடலாம், நீங்க கட்டுன பணம் 5 லட்சம் ரூபா வரைக்கும்னா கட்டணமும் கெடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், வக்கீல் கட்டாயமில்ல. அடுத்த தடவை பணம் கட்டறதுக்கு முன்னாடி மேப் லொகேஷன் வாங்குங்க, சுடுதண்ணி எத்தன மணி நேரம், ஹீட்டருக்கு காசு உண்டா, வண்டி வாசல் வரைக்கும் வருமா இல்ல படி ஏறணுமான்னு கேளுங்க, வயசானவங்க கூட வந்தா கடைசி கேள்விதான் முக்கியம்.

கேள்வி: ஹோம்மேட் சாக்லேட், டீத்தூள், தைலம் வாங்கலாமா? எது அசல்னு எப்படித் தெரியும்?

பதில்: வாங்கலாம், ஆனா வண்டிக்காரர் நிறுத்துற கடையிலதான்னு இல்ல. சாக்லேட்ட வாயில வெச்சுப் பாருங்க, கொக்கோ பட்டர் நம்ம உடம்பு சூட்டுலயே உருகிடும், நாக்குல மெழுகு மாதிரி ஒட்டி நின்னா வேற தாவரக் கொழுப்பு போட்டது, அது தப்பில்ல, ஆனா அதுக்கு சாக்லேட் வெல குடுக்கக் கூடாது. பாக்கெட்ல 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு உரிமம்) நம்பரும் தயாரிச்ச தேதியும் இருக்கான்னு பாருங்க.

டீத்தூளுக்கு கூட்டுறவு இண்ட்கோ, அரசோட டான்டீ ரெண்டும் இருக்கு. சந்தேகமா இருந்தா ஈரமான வெள்ளை ஃபில்டர் பேப்பர்ல கொஞ்சம் தூவுங்க, உடனே கருப்பும் பழுப்புமா கறை பரவுனா சாயம் கலந்தது. தைலம் ஒரு சொட்டு காகிதத்துல விடுங்க, காஞ்ச பின்னாடி எண்ணெய்க் கறை நின்னா வேற எண்ணெய் சேந்திருக்கு. வீட்ல சின்னக் குழந்தை இருந்தா தைல பாட்டில எட்டாத எடத்துல வைங்க, குடிச்சா ரொம்ப ஆபத்து, கைக்குழந்தை மூக்குல தடவவும் வேண்டாம்.

தோடர்னு நீலகிரிப் பழங்குடி மக்கள் போடற பூவேலை சால்வை வாங்குறவங்க கண்டிப்பா திருப்பிப் பாருங்க. வெள்ளைத் துணில செவப்பு, கருப்பு நூலால இழைய எண்ணி எண்ணி கையால போடறது, 2013ல புவிசார் குறியீடு வாங்குனது. ரெண்டு பக்கமும் வேலை தெரியும். பின்பக்கம் வெறும் வெள்ளையா இருந்தா அது அச்சு. அசலா இருந்தா வெல ஜாஸ்தியாத்தான் இருக்கும், முடிஞ்சா தோடர் பெண்கள் கிட்டயே நேரா வாங்குங்க, அதுல மட்டும் பேரம் பேசாதீங்க, ஒரு சால்வைக்குப் பின்னாடி எத்தன நாள் கண்ணு வலி இருக்குன்னு நான் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன்.