யுனிவர்சல் ஸ்டுடியோஸ் சிங்கப்பூரில் சை-ஃபை சிட்டி பகுதிக்குக் குடும்பத்தோடு போக எப்படித் திட்டமிடுவது? 11, 6 வயதில் இரண்டு பிள்ளைகள், கூட என் மாமியார். அரை நாள் போதுமா?

அரை நாள் போதாது. இதை முதலில் சொல்லக் காரணம், இந்தக் கேள்விக்கு எங்கே பார்த்தாலும் "மூன்றே ரைடுதானே, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும்" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். மூன்று ரைடு என்பது உண்மை. ஆனால் அந்த மூன்றில் உங்கள் வீட்டில் யார் எதில் ஏறலாம், எந்த வரிசையில் ஏறினால் வெயிலும் மழையும் கூட்டமும் இடிக்காது என்று பார்க்காமல் போனால், முழு நாள் இருந்தும் ஒன்றில்தான் ஏறியிருப்பீர்கள்.

டிக்கெட் போடுவதற்கு முன்பே பிள்ளைகளின் உயரத்தை அளந்துவிடுங்கள். வயதுக்கு இங்கே டிக்கெட் விலையில் மட்டும்தான் வேலை: 4 முதல் 12 வயது வரை சிறுவர் கட்டணம், 4 வயதுக்குக் கீழ் இலவசம். ரைடில் ஏற்றுவதா வேண்டாமா என்பதை வாசலில் நிற்கும் அளவுகோல்தான் முடிவு செய்யும். சை-ஃபை சிட்டிக்கு மூன்று எண்கள் மனதில் இருக்கட்டும்: 102, 122, 125. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடுக்குக் குறைந்தது 102 செ.மீ. வேண்டும். 122-க்குக் கீழே இருக்கும் பிள்ளை பெரியவர் துணையோடுதான் ஏற முடியும். பேட்டில்ஸ்டார் கேலக்டிகா ரோலர் கோஸ்டர் இரண்டுக்கும் 125. ஆக்ஸிலரேட்டர் என்கிற சுழல் ரைடுக்குக் குறைந்தபட்ச உயரம் கிடையாது, 122-க்குக் கீழ் துணை மட்டும் வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் 4 வயதுக் குழந்தையின் நடுத்தர உயரம் ஏறக்குறைய 103 செ.மீ., 8 வயதுக்கு ஏறக்குறைய 127. உங்கள் சின்னவர் ஆறு வயது என்றால் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஏறிவிடலாம், பேட்டில்ஸ்டார் அநேகமாக முடியாது. பதினொரு வயதுப் பிள்ளை எல்லாவற்றிலும் ஏறலாம். ஆனாலும் அளந்து பாருங்கள். செருப்பு, ஷூ இல்லாமல், குதிகாலும் பின்தலையும் சுவரில் ஒட்டியிருக்க, தலைமேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சமமாக வைத்து, அதன் அடிவிளிம்பில் பென்சில் கோடு போடுங்கள். கொண்டையும் உச்சிக் குடுமியும் கணக்கில் வராது. காலையில் எழுந்ததும் இருக்கும் உயரம் மாலையில் அரை செ.மீ.யிலிருந்து ஒரு செ.மீ. வரை குறையும், முதுகெலும்பின் வட்டுகள் நாள் முழுக்க அழுந்துவதால். 124, 125 என்று எல்லையில் நிற்கும் பிள்ளை இருந்தால் அந்த வீடு முதலில் கோஸ்டருக்குத்தான் போக வேண்டும். மதியம் மூன்று மணிக்கு அளவுகோலின் கீழ் நிறுத்திவிட்டு ஊழியரிடம் கெஞ்சுவதில் பயனே இல்லை. அவர்கள் தளர்த்த மாட்டார்கள், தளர்த்தவும் கூடாது.

"ஆறு வயதுக் குழந்தையை அந்த இருட்டு ரைடில் ஏற்றச் சொல்கிறீர்களா" என்று சிலர் கருத்துப் பகுதியில் கேட்க வருவார்கள், தெரியும். ஏற்றலாம் என்கிறேன், ஏற்றியே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்பது 12 பேர் அமரும் வண்டி, நான்கு நான்காக மூன்று வரிசை. முப்பரிமாணக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே கண்ணாடி அணிபவர் அதன்மேலேயே மாட்டிக்கொள்ளலாம். வண்டி ஒரு பெரிய கட்டடத்துக்குள் திரைக்குத் திரை நகர்கிறது. அது நகரும்போதே அடியிலிருக்கும் இயந்திரம் உங்களைச் சாய்க்கும், உதறும், திருப்பும். நடுவில் ஓரிடத்தில் வண்டியோடு சேர்த்து லிஃப்டில் மேல்தளத்துக்கே ஏற்றிவிடுகிறார்கள். முன்னால் திரையில் சண்டை நடப்பதால் ஏறியதே தெரியாது. திரும்பக் கீழே வருவதும் அப்படித்தான். கடைசியில் உயரத்திலிருந்து விழுவது போன்ற காட்சி இருக்கிறது, சத்தமும் அதிகம். பயப்படுகிற பிள்ளையை இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் உட்கார வையுங்கள். குமட்டினால் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள், கண்ணாடியை மட்டும் கழற்றுவது போதாது. கண் பார்க்கும் அசைவும் உடம்பு உணரும் அசைவும் முரண்படுவதால்தான் தலைசுற்றுகிறது. படம் மங்கலானாலும் அசைவு போகாது.

மாமியாருக்கு முதுகுவலி, கழுத்துவலி, இதய நோய், இரத்த அழுத்தம் எதுவாவது இருந்தால் இந்த ரைடு வேண்டாம். அவரை வெளியே பெஞ்சில் விட்டுவிட்டுப் போகவும் வேண்டாம். சை-ஃபை சிட்டிக்குப் பக்கத்திலேயே நியூயார்க் பகுதியில் சீசேம் ஸ்ட்ரீட் ஸ்பகெட்டி ஸ்பேஸ் சேஸ் என்று ஒன்று 2013 முதல் இருக்கிறது. விண்வெளிக் கதைதான், ஆனால் வண்டி மெதுவாகப் போகும், உள்ளே ஏ.சி. பாட்டியும் பேரனும் சேர்ந்து ஏற இதைவிடப் பொருத்தமானது அந்தப் பக்கத்தில் இல்லை. பட்டியலில் சை-ஃபை சிட்டியின் கீழ் வராததால் பலர் கவனிக்காமலே தாண்டிப் போகிறார்கள்.

இனி பேட்டில்ஸ்டார். ஒன்றையொன்று உரசுவது போலப் போகும் இரட்டைக் கோஸ்டர் இது, உச்சி 42.5 மீட்டர். சிவப்புத் தண்டவாளத்துக்கு ஹியூமன் என்று பெயர், நீலத்துக்கு சைலான். பேட்டில்ஸ்டார் என்ற பொதுப் பெயரைத் தவிர எல்லாம் வேறு. சிவப்பில் சாதாரண இருக்கை, தலைகீழாகாது, மணிக்கு 82 கி.மீ. நீலத்தில் தண்டவாளம் தலைக்கு மேலே, கால் அந்தரத்தில், ஐந்து முறை புரட்டும், 90 கி.மீ. இரண்டுக்கும் தனித்தனி வரிசை. பதினொரு வயதுப் பிள்ளைக்கு இது முதல் கோஸ்டர் என்றால் சிவப்பில் ஏற்றிவிட்டு முகத்தைப் பாருங்கள், பிறகு நீலம். நேராக நீலத்தில் ஏற்றி, பயந்து போய், அன்று முழுக்க எதிலும் ஏற மாட்டேன் என்று உட்கார்ந்துகொள்ளும் பிள்ளைகள் உண்டு. இந்தக் கோஸ்டரைப் பற்றிப் பழைய பதிவுகளில் நான்கு பேர் இருக்கை என்று படிப்பீர்கள். 2013-ல் நிறுத்தி, 2015 மே மாதம் திறந்தபோது இரண்டு பேர் வண்டியாக மாற்றிவிட்டார்கள். அதனால் பழைய காத்திருப்பு நேரக் கணக்கையும் நம்ப வேண்டாம்.

இதில் ஏற சட்டைப்பையில் எதுவும் இருக்கக்கூடாது. ஃபோன், சாவி, சில்லறை எல்லாம் லாக்கரில். லாக்கர் குறிப்பிட்ட நேரம் வரை இலவசம், தாண்டினால் கட்டணம். ஏறாத ஒருவரிடம் எல்லாவற்றையும் கொடுத்துவிடுவது நல்லது. நீலத்தில் கால் தொங்குவதால் ரப்பர் செருப்பு போட்டு வராதீர்கள். பின்பட்டி வைத்த செருப்போ ஷூவோ போதும்.

காலை நிரலை இப்படி வையுங்கள். பெரும்பாலான தமிழ்க் குடும்பங்கள் லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க் பக்கம் தங்குவதால் அங்கிருந்தே சொல்கிறேன். மெட்ரோ ரயிலின் வடகிழக்கு வழித்தடத்தில் ஏறினால் மாறாமல் ஹார்பர்ஃப்ரன்ட், அது கடைசி நிலையம். மேலே விவோசிட்டி மாலின் மூன்றாம் தளத்தில், பூங்கா இருக்கும் சென்டோசா தீவுக்குப் போகும் சென்டோசா எக்ஸ்பிரஸ் ரயில். தீவுக்குள் போக ஆளுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), திரும்பி வரக் கட்டணம் இல்லை. இறங்க வேண்டியது முதலில் வரும் ரிசார்ட்ஸ் வேர்ல்ட் நிலையம். நடக்க முடிந்தால் கடல்மேல் பாதை இலவசம், ஆனால் பாட்டியின் கால் பலத்தை அங்கேயே செலவழிக்க வேண்டாம். பூங்கா 10 மணிக்குத் திறப்பதாக இருந்தால் 9.30-க்கு வாசலில் இருங்கள். சிற்றுண்டியை லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையிலேயே முடித்துவிடுங்கள். வெளிச்சாப்பாடு உள்ளே கொண்டுபோக முடியாது, வாசலில் பையைப் பார்ப்பார்கள். புளியோதரைப் பொட்டலத்தைக் குப்பையில் போட மனசு வராமல் வரிசையில் நின்றே சாப்பிடுகிற குடும்பங்களை அங்கே பார்க்கலாம். கைக்குழந்தை உணவும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுபோகலாம்.

நுழைந்ததும் ஹாலிவுட் தெரு. உலக உருண்டை அருகே ஃபோட்டோ எடுப்பதை மாலைக்கு வைத்துக்கொண்டு வலப்பக்கம் திரும்புங்கள். நியூயார்க்கைத் தாண்டினால் சை-ஃபை சிட்டி. முதலில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ், ஏனென்றால் மழை வந்தாலும் வெயில் ஏறினாலும் எல்லாரும் கட்டடத்துக்குள் இருக்கிற ரைடுக்குத்தான் ஓடி வருவார்கள். அதன் வரிசை குறையவே குறையாது. முடித்த உடனே ஒரு பெரியவரும் பெரிய பிள்ளையும் பேட்டில்ஸ்டார். அதே நேரத்தில் மற்றவர்கள் ஆக்ஸிலரேட்டர், அப்புறம் ஸ்பேஸ் சேஸ். பேட்டில்ஸ்டாரை மதியத்துக்குத் தள்ளாதீர்கள். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஒரு டிகிரிதான் வடக்கே. இடிமழை பிற்பகலில்தான் அதிகம் பிடிக்கும். மின்னல் எச்சரிக்கை வந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், எப்போது திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஜுராசிக் பார்க் தண்ணீர் ரைடுக்கு முதலில் போய் நனைந்துவிட்டு, ஈர உடையோடு டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஏ.சி. வரிசையில் ஒரு மணி நேரம் நிற்பதும் வேண்டாம். தண்ணீர் ரைடு சாப்பாட்டுக்குப் பிறகு போதும், அதற்கு 107 செ.மீ.

நீண்ட வரிசையில் நிற்காமல் ஏற உதவும் எக்ஸ்பிரஸ் பாஸ் வேண்டுமா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. விலை தேதிக்குத் தேதி மாறும், கூட்ட நாளில் நுழைவு டிக்கெட் அளவுக்கே போகும். ஐந்து பேருக்கும் வாங்குவது வீண். ஏறவே போகாத பாட்டிக்கு எதற்கு? சின்னவருக்கு வாங்கினால் அவரோடு ஏறும் ஒருவருக்கும் வாங்கியாக வேண்டும், அவரைத் தனியாக விடமாட்டார்கள். தனிநபர் வரிசை வேகமானதுதான், ஆனால் உங்களைப் பிரித்து உட்கார வைப்பதால் 122-க்குக் கீழ் பிள்ளையோடு அதில் நிற்க முடியாது. பணம் செலவாகாத வழி ஒன்று இருக்கிறது: பிள்ளை மாற்று வசதி. அம்மாவும் அப்பாவும் ஏற ஆசைப்பட்டால், ஒருவர் சின்னவரோடு காத்திருக்க மற்றவர் ஏறி இறங்கி, பிறகு இவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறலாம். வரிசைக்குள் நுழையும் முன்பே ஊழியரிடம் கேட்க வேண்டும், பாதி வரிசையில் நின்றுகொண்டு கேட்டால் குழப்பம்தான்.

தேதி பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் மே மாதம் முழுக்க விடுமுறை, சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறை மே கடைசியில் தொடங்கி ஜூன் முழுக்க ஓடும். அதற்கு முன் வரும் மே வாரநாட்களைப் பிடியுங்கள்; தொழிலாளர் தினத்தையும் விசாக தினத்தையும் தவிருங்கள். டிசம்பர் அரையாண்டு விடுமுறை இரண்டு நாட்டுக் கூட்டமும் சேரும் நேரம். செப்டம்பர் கடைசி, அக்டோபரில் ஹாலோவீன் இரவு நிகழ்ச்சி உள்ள நாட்களில் பகல் டிக்கெட்காரர்களை முன்னதாகவே வெளியேற்றிவிடுவார்கள், அந்தத் தேதியில் பணம் போட்டு அரை நாளை இழக்காதீர்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், வயிறு எரிவதால். சிங்கப்பூர் போக விசா தவிர எஸ்.ஜி. அரைவல் கார்டு என்று ஒரு மின் படிவம் நிரப்ப வேண்டும். வந்து இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள், குடிநுழைவு ஆணையமான ஐ.சி.ஏ.வின் தளத்தில். ஒரு பைசா கட்டணம் இல்லை. இதற்கு ஆளுக்கு இத்தனை என்று வாங்கும் ஏஜென்டுகள் நம் ஊரில் தாராளமாக இருக்கிறார்கள், தேடினால் முதலில் வரும் போலித் தளங்களும் வாங்குகின்றன. ஐந்து பேர் குடும்பத்துக்கு அது உள்ளே ஒரு வேளைச் சாப்பாட்டுப் பணம். அதே ஏஜென்டுகள்தான் காலை 11 மணிக்கு வேனில் இறக்கி, 5 மணிக்குத் திரும்ப ஏற்றி, அதற்கு முழுநாள் சுற்றுலா என்று பெயரும் வைக்கிறார்கள். டிக்கெட்டையும் ரயிலையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வழிகாட்டி தேவைப்படும் இடமே அல்ல அது.

மதியம் சைவம் வேண்டுமென்றால் சை-ஃபை சிட்டியில் தேடாதீர்கள், அங்கே பர்கரும் ஹாட் டாக்கும்தான். அடுத்த பகுதியான பண்டைய எகிப்தில் இருக்கும் ஓயாசிஸ் ஸ்பைஸ் கஃபேயில் இந்தியச் சாப்பாடு கிடைக்கும். 12 மணிக்கு முன்பே போனால் பாட்டிக்கு உட்கார இடமும் கிடைக்கும். சாப்பிட்டதும் ஆக்ஸிலரேட்டர் மட்டும் வேண்டாம்.

பிற்பகலில் சின்னவரை 2025 பிப்ரவரியில் திறந்த மினியன் லேண்டுக்குக் கூட்டிப்போங்கள், பெரிய பிள்ளை ஷ்ரெக் படப் பகுதியான ஃபார் ஃபார் அவே பக்கம் போகட்டும். அதற்கெல்லாம் முன்பாக, டிக்கெட் போடுகிற அன்று பூங்காவின் தளத்தில் பராமரிப்புக்காக மூடப்படும் ரைடுகளின் பட்டியலைப் பாருங்கள். பேட்டில்ஸ்டார் அந்தப் பட்டியலில் இருந்து, பெரிய பிள்ளை அதற்காகவே வருகிறது என்றால், டிக்கெட்டுக்கு முன் தேதியை மாற்றுங்கள்; வாங்கிய பிறகு மாற்றித் தருவார்களா என்பது வாங்கிய இடத்தின் விதியைப் பொறுத்தது.