குரூப் ஃபோட்டோவில் இல்லாதவர்கள் – கடிதம்

அன்புள்ள சார்,

உங்கள் தளத்தைச் சில வருடங்களாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. நான் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை படித்தவன். 2000 பேட்ச். இருபத்தைந்து வருடம் ஆகிவிட்டது என்று நண்பர்கள் சேர்ந்து பள்ளி வளாகத்திலேயே ஒரு சந்திப்புக்கு ஏற்பாடு செய்கிறார்கள். கூடவே ஒரு மலரும் வெளியிடுகிறோம். ஓரளவு தமிழ் எழுதுவேன் என்பதால் அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

வந்த கட்டுரைகள் எல்லாம் ஒரே மாதிரி. 'அன்று ஃபாதர் அடித்த அடிதான் இன்று எங்களை மனிதனாக்கியது' என்ற வரி மட்டும் ஏழெட்டுக் கட்டுரைகளில் இருக்கிறது. வாட்ஸப் குழுவில் ஒருவன் மட்டும், 'என்னை ஆக்கவில்லை. அந்த வராந்தா இன்னும் கனவில் வருகிறது' என்று எழுதினான். உடனே கேலி ஸ்டிக்கராகப் போட்டுத் தள்ளினார்கள். அன்று இரவே அவன் குழுவிலிருந்து வெளியேறிவிட்டான். அவனிடம் ஒரு கட்டுரை கேட்டு வாங்கி மலரில் போடலாமா? போட்டால் ஆசியுரை தருகிற ஃபாதர்கள் வருத்தப்படமாட்டார்களா?

இன்னொன்று. நான் இந்து. ஆனாலும் மதியம் எங்காவது கோயில் மணி அடித்தால் வாய் தானாக 'அருள் நிறைந்த மரியே வாழ்க' என்று தொடங்கிவிடுகிறது. இதை என் கட்டுரையில் எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த என் மைத்துனர், 'சின்ன வயசிலேயே உங்களை மூளைச்சலவை செய்துவிட்டார்கள்' என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் என்ன பதில் சொல்வது என்றும் தெரியவில்லை.

பெயர் வேண்டாம்.
கோவை

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டாவது கேள்வி சுலபம், அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

நானும் அப்படி ஒரு பள்ளியில் படித்தவன்தான். தெற்கே ஒரு ஊர், 1986 பேட்ச். நானும் இந்து. எனக்கும் பன்னிரண்டு மணி மணியோசை கேட்டால் அதேதான் நடக்கும். மூவேளை செபம், காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் மணியோசையோடு சொல்கிற மாதா செபம். கணக்கு வாத்தியார் பாதிச் சமன்பாட்டில் சாக்பீஸை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பார். 'ஆண்டவருடைய தூதர் மரியாவுக்குத் தூதுரைத்தார்' என்று ஒருவன் தொடங்குவான். எங்களில் பலருக்கு நடுவில் உள்ள வரிகள் சரியாகத் தெரியாது, முணுமுணுத்துச் சமாளிப்போம். 'இப்பொழுதும் எங்கள் மரண வேளையிலும்' என்ற இடம் வந்ததும் மொத்த வகுப்பும் உரத்துச் சேர்ந்துகொள்ளும். மதியம் கணக்கு டெஸ்ட் இருந்தால் அந்த வரிக்குத் தனி அழுத்தம் கிடைக்கும்.

இந்த மனப்பாட முறை நம் பள்ளிகள் கண்டுபிடித்தது இல்லை. பிரான்சிஸ் சேவியர் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் 1542-இல் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துகீசியமும் தெரிந்தவர்களை உட்காரவைத்து செபங்களைத் தமிழில் ஆக்கி, முதலில் தான் மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியை ஆட்டிக்கொண்டு போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, அவர்களைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். தமிழ் எழுத்தில் அச்சாகிய முதல் புத்தகமும் இதே வேலைக்காக வந்ததுதான். 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்', பதினாறே பக்கம். அண்டிரிக் அடிகளார் என்ற போர்த்துகீசியப் பாதிரியார் தமிழாக்கிய ஞான உபதேசம். உங்கள் வாயிலும் என் வாயிலும் ஒட்டிக்கொண்டிருப்பது அந்த மணியின் மிச்சம்.

செபத்தின் சொற்களும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. என் பக்கத்து பெஞ்ச் நண்பனின் பாட்டி 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க' என்பார். அவன் 'அருள் நிறைந்த மரியே' என்பான். நடுவில், வழிபாட்டை அந்தந்த ஊர் மொழிக்குக் கொண்டுவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடந்து முடிந்திருந்தது. பூசை திருப்பலியாகிவிட்டது, சேசு இயேசுவாகிவிட்டார், பாட்டி மட்டும் மாறவில்லை. ஒருவர் இந்தச் செபத்தை எப்படிச் சொல்கிறார் என்று கேட்டால் அவர் எந்தக் காலத்து ஆள் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

உங்கள் மைத்துனர் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க வேண்டாம். அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், மாணவரின் சம்மதம் இல்லாமல், சிறுவனாக இருந்தால் பெற்றோரின் சம்மதம் இல்லாமல், சமய வழிபாட்டில் கலந்துகொள்ள வைக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவு சொல்கிறது. என் வீட்டில் யாரும் வந்து சம்மதம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஆனால் கேட்டிருந்தால் என் அம்மா சிரித்திருப்பார். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முந்தின நாள், பள்ளியில் இருக்கிற லூர்து மாதா கெபியில் (குகை போலக் கட்டிய சிறு வழிபாட்டிடம்) ஏற்றச் சொல்லி மெழுகுவர்த்திக்குக் காசு கொடுத்தனுப்பியவர் அவர்தான். அதே கையால் பிள்ளையாருக்கும் தேங்காய் உடைத்தார். மூளைச்சலவை என்றால் அம்மாவையும் சேர்த்துச் சலவை செய்திருக்க வேண்டும். அவர் பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்ததே இரண்டு முறைதான்.

சரி, முதல் கேள்விக்கு வருகிறேன். இது அவ்வளவு லேசானது இல்லை.

என் பள்ளியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எட்டாம் வகுப்பில் நான்தான் லீடர். வாத்தியார் இல்லாத நேரத்தில் பேசுகிறவன் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது என் வேலை. திரும்பி வந்ததும் எழுதியிருக்கும் வரிசைப்படி அடி விழும். எங்களுக்கு அப்போது வகுப்பு எடுத்தவர் ஒரு பிரதர், இன்னும் குருப்பட்டம் பெறாதவர், எங்களைவிடப் பத்துப் பன்னிரண்டு வயதுதான் மூத்திருப்பார். ஒருநாள் வகுப்பில் யாருமே பேசவில்லை. வெறும் பலகையைக் காட்டினால் நான் வேலை செய்யவில்லை என்று ஆகிவிடுமோ என்று பயம். எப்போதும் அடி வாங்குகிற ஒருவன் பெயரை எழுதிவிட்டேன். போர்டிங் பையன், கடற்கரை ஊர்க்காரன். அவன் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து போய்க் கையை நீட்டினான். அடி வாங்கிவிட்டுத் திரும்பும்போது என்னைப் பார்த்தானா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகத் தெரியவில்லை.

'அடிதான் எங்களை மனிதனாக்கியது' என்று எழுதுகிற உங்கள் நண்பர்களை நான் பொய்யர்கள் என்று சொல்லமாட்டேன். அந்தக் காலத்தில் அரசுப் பள்ளியிலும் அடித்தார்கள், வீட்டிலும் அடித்தார்கள். உடல்ரீதியான தண்டனையும் மனரீதியான துன்புறுத்தலும் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் 2009-இல்தான் எழுதிவைத்தது. உங்கள் பேட்ச் வெளியே வந்து ஒன்பது வருடம் கழித்து. ஆனால் நம் பள்ளிகளில் இதற்கு வேறொரு பக்கமும் இருந்தது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற வீட்டுப் பையனான எனக்கு அப்போது அது புரியவில்லை. பல வருடம் கழித்து அந்தப் பக்கத்து பெஞ்ச் நண்பன்தான் சொன்னான்: "உனக்கு அடியோட முடிஞ்சு போச்சுடா. நான் மாசத்து முதல் வெள்ளிப் பூசைக்கு முந்தின நாள் அதே ஃபாதர்கிட்ட முழங்கால் போட்டு என் பாவத்தைச் சொல்லணும்." பாவசங்கீர்த்தனம் என்பது எங்களுக்கெல்லாம் வேடிக்கையான விஷயம். 'என்னடா சொன்ன, சொல்லுடா' என்று நச்சரிப்போம். சொல்ல ஒன்றும் இல்லாமல் பாவங்களைக் கற்பனை செய்து சொன்னதாக அவன் கதை விடுவான். இது அவன் சொல்லாமல் வைத்திருந்த பாதி.

அவனை அடித்த அதே ஃபாதர்தான், ராத்திரி ஒன்பது மணி வரை போர்டிங் வராந்தாவில் உட்கார்ந்து, ஆங்கிலத்தில் தோற்கிற பையன்களுக்குச் சம்பளம் வாங்காமல் பாடம் எடுத்தார். மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் பலருக்குப் போர்டிங் ஃபீஸ் கேட்காமலே விட்டார். இரண்டும் ஒரே ஆள். ஒன்றைக் காட்டி இன்னொன்றை அழிக்க முடியாது. உங்கள் மலரில் அந்த அடியின் வலி இல்லை, அவ்வளவுதான் பிரச்சினை.

இன்னும் ஒரு விஷயம். நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மலரின் நடுப்பக்கத்தில் ப்ளஸ் டூ குரூப் ஃபோட்டோவைப் போடப் போகிறீர்கள், இல்லையா? என் ஆறாம் வகுப்பில் எனக்கு முன் பெஞ்சில் இருந்தவனும் பின் பெஞ்சில் இருந்தவனும் எங்கள் குரூப் ஃபோட்டோவில் இல்லை. நான் பெயர் எழுதிக் கொடுத்தவனும் இல்லை. ஒன்பதாம் வகுப்பு முடிவில் 'வேற ஸ்கூல்ல சேர்த்துக்கோங்க' என்று டி.சி. கொடுத்து அனுப்பினார்கள். பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி காட்ட வேண்டும் என்றால் தேறாது என்று தோன்றுகிற பையன்களை முந்தின வருடமே கழித்துவிடுவது. இதைச் செய்தது கத்தோலிக்கப் பள்ளிகள் மட்டும் இல்லை, நல்ல பெயர் வாங்க நினைத்த எல்லா நிர்வாகத்துக்கும் தெரிந்த வித்தைதான். அவர்கள் இடத்துக்குப் பதினொன்றாம் வகுப்பில் வேறு பள்ளிகளிலிருந்து நல்ல மார்க்கோடு புதுப் பையன்கள் வந்தார்கள். மொத்தம் 1200 மார்க், மருத்துவம், பொறியியல் என்று ஓடிய ஓட்டத்தில் யார் போனார்கள், யார் வந்தார்கள் என்றே கவனிக்கவில்லை. 'எங்களை மனிதனாக்கியது' என்று எழுதுகிறவர்கள் கடைசிவரை தாக்குப்பிடித்தவர்கள். மற்றவர்கள் உங்கள் வாட்ஸப் குழுவிலேயே இல்லை, பிறகு எப்படி எழுதுவார்கள்?

அதனால் பள்ளியில் கேட்டு உங்கள் ஆறாம் வகுப்பு வருகைப் பதிவேட்டின் நகலை எடுக்கப் பாருங்கள். கிடைக்காவிட்டால் நாலு பேர் உட்கார்ந்து நினைவிலிருந்தே பெயர்களை எழுதுங்கள், பெஞ்ச் வாரியாக யோசித்தால் வந்துவிடும். குரூப் ஃபோட்டோவுக்கு எதிர்ப்பக்கத்தில் அந்தப் பட்டியலைப் போடுங்கள். விளக்கம் எதுவும் வேண்டாம்.

ஃபாதர்கள் வருத்தப்படுவார்களா என்று கேட்டிருந்தீர்கள். அன்று அடித்தவர்களில் பெரும்பாலானோர் இன்று ஓய்வில் இருப்பார்கள். அப்படி ஓய்வில் இருந்த ஒருவரை நான் போய்ப் பார்த்தேன். பழைய மாணவன் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நான் உன்னை அடிச்சிருக்கேனா?" என்பதுதான். இல்லை என்றேன். அது உண்மையும்கூட, நான் லீடர் அல்லவா. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு டீ கொண்டுவரச் சொன்னார். ஆசியுரைக்கு நாலு பக்கம் ஒதுக்குகிற பழக்கம் மலர்களில் உண்டு. ஒரு பக்கம் போதும், மிச்சத்தை உங்கள் நண்பருக்குக் கொடுங்கள்.

அவர் எழுதித் தருவதில் கை வைக்காதீர்கள். முக்கியமாக, குழுவில் மறுபடி சேர்த்துவிட்டுக் கேட்காதீர்கள். மெசேஜும் வேண்டாம். ஃபோன் செய்யுங்கள், முடிந்தால் நேரில் போங்கள். எழுத மனமில்லை என்று அவர் சொன்னால், வராந்தா பற்றி அவர் குழுவில் போட்ட அந்த வரியை மட்டும் அச்சிடலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்.