வறுமை எண்டு எழுதாத, புள்ள

கடிதம்:

வணக்கம் அக்கா, நான் களுவாஞ்சிக்குடி, ஏலெவலுக்கு புவியியல் படிக்கிறன். குடிப்பெயர்வு பத்தி ஒரு ஒப்படை, தள்ளு காரணி இழு காரணிக்கு ஊருக்குள்ள இரிந்து உதாரணம் எழுதச் சொல்லி சேர் சொன்னார். எங்கட அம்மா நாலு வருசமா கட்டார்ல வீட்டு வேலை. அத எழுத வெக்கமா இரிக்கு, அதால "வறுமை காரணமாகப் படிக்காத பெண்கள் மத்திய கிழக்கு செல்கின்றனர்" எண்டு மட்டும் எழுதிட்டன். இது காணுமா? மறுகா மால்தஸ் சொன்னது இலங்கைக்குப் பொருந்துமா, உலக முறைமைக் கோட்பாடு எண்டா என்ன எண்டும் சொல்லுங்க. பேர் போடாதீங்க.

பதில்:

மகள்,

மால்தஸ முதல்ல முடிச்சிருவம். 1798ல எழுதின மனிசன், சனம் பெருக்கல்ல கூடும் சாப்பாடு கூட்டல்லதான் கூடும், கடைசியில பஞ்சம் வரும் எண்டவர். இஞ்ச 1946ல ஆயிரத்துக்கு 20 ஆக இரிந்த இறப்பு வீதம் அடுத்த வருசமே 14 ஆகிட்டு, மலேரியா நுளம்புக்கு டிடிடி மருந்து அடிச்சதும் ஒரு காரணம், சனம் கூடிச்சு, 1949ல கல்லோயாத் திட்டம் தொடங்கிக் காணி குடுத்துக் குடியேத்தினாங்க. அதால வந்த வினை வேற கதை, ஆனா அவர் சொன்ன பஞ்சம் வரல்ல. இவ்வளவும் எழுது, புள்ளி போடுவாங்க.

எனக்குக் கோவம் வந்தது உன்ர அந்த ஒரு வரியிலதான். படிக்காத பெண்கள் எண்டு ஆர் சொன்ன உனக்கு? எங்கட சின்னம்மா ஓலெவல் பாஸ் பண்ணிப்போட்டுத்தான் 1989ல குவைத்துக்குப் போன. வறுமையாம். வறுமை எண்டா அவட ஆம்பிளயெல்லோ முதல் போயிரிக்கணும்? மட்டக்களப்பில இரிந்து அம்பாறைக் கரை முடியுமட்டும் தமிழாக்களும் முஸ்லிமாக்களும் பொம்புளப் புள்ளைக்கு வீடு குடுத்துத்தான் கலியாணம் கட்டி வைக்கிற. இந்தியாவில குடிசன மதிப்பீட்ட எடுத்துப் பாத்தா பொம்புளைகள் இடம் மாறுறதுக்குக் கூடுதலான காரணம் கலியாணம், இஞ்ச கலியாணத்தால இடம் மாறுறவன் ஆம்பிள, ஒரு பேக்கோட மாமிட வளவுக்குள்ள வந்து ஏறுவான். ரெண்டு பொம்புளப் புள்ள எண்டா ரெண்டு வீடு, மூணு எண்டா மூணு. சீதனம் எண்டு திட்டு, திட்டத்தான் வேணும், ஆனா அந்த வீட்டு உறுதி பொம்புளைட பேரிலதான் கிடக்கும், அதையும் சேத்து எழுது. சோத்துக்கு இல்லாமப் போனவங்க இல்ல எண்டு சொல்லல்ல, கனபேர் போனாங்க. ஆனா நான் கேட்டுப் பாத்த பொண்டுகள்ல முக்காவாசிப் பேர் முதல் சொன்ன சொல் வீடு, பசி எண்டு ஆரும் தொடங்கல்ல.

ராவன்ஸ்டைன் எண்டவர் 1885ல விதி எழுதினார், கிட்டடிக்குப் போறதில பொம்புளைகள் கூட, தூரத்துக்குப் போறதில ஆம்பிளைகள் கூட எண்டு. 1990கள்ட நடுவில இலங்கையில இரிந்து வெளிநாட்டு வேலைக்குப் போன நாலு பேர்ல கிட்டத்தட்ட மூணு பேர் பொம்புள. அந்த மனிசன்ட விதியக் கிறுகிப் போட்டது உன்ர அம்மா மாதிரி ஆக்கள்தான், அதுக்கா வெக்கம்? இண்டைக்கு அம்மா கோல் எடுக்கக்குள்ள கேட்டுப் பார், ஆருட வீட்டுக்காகப் போனீங்க எண்டு. அழாத கேட்டுட்டு.

1990 ஆனி மாசம் இஞ்ச மறுகா சண்ட. நாங்க ஒரு பள்ளிக்கூடத்தில அகதி, எனக்கு ஒம்பது வயசு, சின்னம்மாட மகளுக்கு ரெண்டு, எங்கட அம்மாட இடுப்பிலதான் அது எப்பவும். ஆகஸ்ட் 2 ஈராக் குவைத்துக்குள்ள பூந்துட்டு. சின்னம்மா ஜோர்தான் பாலவனத்தில கூடாரத்தில. அங்கயும் தண்ணிக்கு வரிசை, இஞ்சயும் தண்ணிக்கு வரிசை, அவ எங்கள உசிரோட இரிக்காங்களா எண்டு அழ, நாங்க அவவ அழ, கடிதம் ஒண்டும் ரெண்டு பக்கமும் போகல்ல. 1991ல நடக்க இரிந்த குடிசன மதிப்பீடு நடக்கல்ல, 2001ல நடந்தது மட்டக்களப்பில முழுசா எண்ணி முடிக்கல்ல. 1981ல தகப்பன் வீட்டில குமர்ப்புள்ளையா எண்ணப்பட்டவ, அடுத்த முழு மதிப்பீட்டில 2012ல மகள் மருமகனோட எண்ணப்பட்டா. நடுவில போனதும் வந்ததும் உன்ர புத்தகத்தில தள்ளு, இழு எண்டு போட்ட அம்புக்குறியில எங்க இரிக்கு?

ஓ, உலக முறைமை. வாலர்ஸ்டைன் 1974ல எழுதினது, பணக்கார நாடுகள் மையம், அதுக்கு மலிவா உழைப்பும் மூலப்பொருளும் குடுக்கிற நாடுகள் விளிம்பு, நடுவில அரை விளிம்பு எண்டு. அது கிடக்கட்டும், நீ இதக் கேள். குவைத்தில இரிந்து ஓடி வந்த ஆக்களுக்கு ஐநா நட்டஈடு குடுத்த, தனி ஆளுக்கு 4,000 டொலர் வரைக்கும், காசு வந்தது ஈராக் வித்த எண்ணெயில இரிந்து. சின்னம்மாட வளவில அத்திவாரம் வெட்டினது அந்தக் காசில. அவ அடிமையா வேல செஞ்ச வீடு குவைத்தில, அடிச்சவன் ஈராக்கில, கல்லு அடுக்கினது இஞ்ச.

நீ அம்மாட வீடு லிண்டல் மட்டத்தில நிக்குதெண்டு கடைசியில ஒரு வரி எழுதியிருந்தாய், நான் மேல போடல்ல. 2022ல டொலர் 200 ரூவாயில இரிந்து 360க்குப் போனா சீமெந்து என்ன செய்யும், எல்லாரிட வீடும் நிண்டுட்டு. அதுக்கு முதல் வருசம் வங்கிக்கால இல்லாம ஆள் கையால மாத்துற உண்டியல்ல காசு அனுப்பினாங்க எண்டு அந்தப் பொண்டுகளத்தான் ஏசினாங்க. வங்கிக்கால வந்த காசு 2020ல 710 கோடி டொலர், 2022ல 380 கோடி. வங்கியில 203 ரூவா, வெளியில 240 குடுத்தா நீ எங்க மாத்துவாய்?

சின்னம்மாட மகளும் மருமகனும் அந்தக் கையோட இங்கிலாந்துக்குப் போயிட்டாங்க, அவ அங்க ஒரு கெயர் ஹோமில ஆரோ கிழவிகளக் குளிப்பாட்டுறா. வீடு பூட்டிக் கிடக்கு. சின்னம்மா பக்கத்து வளவில தகரக் கொட்டில்ல இரிக்கா, உள்ள வந்து படுங்க எண்டு மகள் எத்தின தரம் சொல்லியும் கேக்கல்ல, அது புள்ளைக்குக் குடுத்த வீடாம். விடிய எழும்பி அந்த முத்தத்தக் கூட்டிப்போட்டு, திறப்ப முந்தானையில முடிஞ்சிக்கிட்டு வருவா.